கழுவாத இலை

"இதுல மருந்து ஒண்ணும் இருக்காதுல்ல தம்பி?"

கீழ் வீட்டு அக்கா இதைக் கேட்டபோது நான் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தேன். கோத்தகிரியிலிருந்து மாமா மாதம் ஒரு முறை பஸ்ஸில் கொடுத்தனுப்பும் தேயிலைத் தூளை எங்கள் குடியிருப்பில் ஆறேழு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது மூன்று வருடமாக நடக்கிறது. லாபத்துக்காக இல்லை. மணமாக இருக்கிறதே என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டு, அப்படியே பழகிப்போனது. அக்காவின் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணியாகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். "இருக்காதுக்கா, எங்க மாமா தோட்டத்துத் தூள்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. நான் சொன்ன ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருந்தன. பூச்சிமருந்து இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதைவிட, அது மாமா தோட்டத்துத் தூளே இல்லை. மாமாவுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். அவர் விற்பது பச்சைத் தேயிலை. மூட்டையில் கட்டி ரோட்டோரம் வைத்தால் ஏஜென்ட் வண்டி வந்து எடுத்துப்போகும். அந்த வண்டியில் இருபது முப்பது பேருடைய மூட்டைகள் இருக்கும். தொழிற்சாலையில் அப்படிப் பல வண்டிகள். எல்லா இலையும் ஒரே தொட்டியில் வாடி, ஒரே மிஷினில் அரைபட்டு, ஒரே சலிப்பில் தூளாகிறது. மாமா எனக்கு அனுப்புவது அந்தத் தொழிற்சாலையில் அவர் காசு கொடுத்து வாங்கும் தூள். அதில் அவருடைய இலை ஒரு சிட்டிகை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீலகிரியில் மாமா மாதிரிச் சிறு விவசாயிகளில் அநேகமாக எவருக்கும் "என் தோட்டத்து டீ" என்று ஒன்று கிடையாது. இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் சொன்னேன்.

அன்று இரவு டீ போடும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கீரையைக் கழுவுகிறோம். திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கிறோம். அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைகிறோம். தேயிலையை மட்டும் செடியிலிருந்து டம்ளர் வரைக்கும் யாரும் கழுவுவதில்லை. கழுவவும் முடியாது; ஈரத்தை வெளியேற்றுவதுதான் தேயிலை செய்வதன் முதல் வேலையே. பறித்த கொழுந்தில் ஒட்டியிருக்கும் எதன்மீதும் முதன்முதலாகத் தண்ணீர் படுவது நம் அடுப்பில்தான். அந்தத் தண்ணீரைத்தான் வடித்துக் குடிக்கிறோம்.

ஈரத் தாளில் தெரியாதது

அக்காவின் மகன் மறுநாள் ஒரு வீடியோவை அனுப்பினான். ஈரமான வடிதாளில் தூளைத் தூவிச் சிறிது நேரம் விட்டுத் தட்டிவிட்டால், கலப்படச் சாயம் இருந்தால் தாளில் கறை இறங்கும். "நாங்க செஞ்சு பாத்துட்டோம் அண்ணா, கறையே இல்ல, சுத்தமான தூள்" என்று கூடவே ஒரு செய்தி. அந்தச் சோதனை சரியானதுதான். பயன்படுத்திய டீத்தூளைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்பவர்களைப் பிடிக்க அது உதவும். ஆனால் பூச்சிமருந்தின் எச்சம், அதாவது அடித்ததில் மிஞ்சி நிற்பது, அந்தத் தாளில் தெரியாது. அதற்கு நிறமில்லை, அந்த அளவில் வாசமும் இல்லை, நாக்கில் கசப்பதும் இல்லை. உணவுப் பாதுகாப்பு என்றதும் நாம் கண்ணால் பார்த்துப் பிடிக்கக்கூடிய கலப்படத்தையே நினைக்கிறோம். சாயம் கலப்பவன் ஒரு மோசடிக்காரன், அவனைத் திட்டலாம். எச்சம் வரும் வழியில் அப்படித் திட்டுவதற்குத் தோதான ஆள் நிற்பதில்லை. இதை நான் புரிந்துகொள்ள மாமா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயமும் தப்பான இடத்தில் போய் நிற்கும். ஒரு பயிரில் ஒரு மருந்தின் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தனியாக வரம்பு வகுக்கப்படவில்லை என்றால் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்கிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் பொதுவாக அதே எண்ணைத்தான் பிடித்திருக்கிறது. ஒரு டம்ளருக்கு 2 கிராம் தூள் என்றால் ஒரு கிலோவில் 500 டம்ளர் டீ. 0.01 மில்லிகிராம் அத்தனை டம்ளருக்கும் பரவிக் கிடக்கிறது. இதைக் குடித்து யாரும் மயங்கி விழப்போவதில்லை. வரம்பு என்பது அதற்கு மேல் போனால் விஷம், கீழே இருந்தால் அமிர்தம் என்று கிழித்த கோடும் இல்லை. சரியான மருந்தைச் சரியான அளவில் அடித்து, சொன்ன நாள்வரை காத்திருந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் பார்த்து, அதைத் தினம் சாப்பிட்டால் உடம்பு தாங்குமா என்றும் கணக்குப் போட்டு வைத்த எண் அது. ஆகவே தூளில் வரம்புக்கு மேல் எச்சம் வந்தால் அது முதலில் சொல்வது ஒரு செய்தியை: தோட்டத்தில் எங்கோ ஏதோ ஒன்று சொன்னபடி நடக்கவில்லை.

2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு இந்தியக் கடைகளில் வாங்கிய 49 தேயிலைப் பொட்டலங்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது பலருக்கு நினைவிருக்கும். 46 பொட்டலங்களில் எச்சம் இருந்தது. மொத்தம் 34 வகை மருந்துகள். 1989-லேயே விவசாயத்துக்குத் தடைசெய்யப்பட்ட டி.டி.டி. கூட அதில் இருந்தது. தேயிலை வாரியம் உடனே, இவை எல்லாம் இந்தியச் சட்டப்படி சரியாகத்தான் இருக்கின்றன என்று சொன்னது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் என்னைத் தொந்தரவு செய்த விஷயம். ஒருவர் ஐரோப்பிய அளவுகோலை எடுத்துவந்தார், இன்னொருவர் நம் அளவுகோலைக் காட்டினார். அப்போது அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் கருப்பட்டிக் காப்பி குடித்தேன், அப்புறம் டீக்குத் திரும்பிவிட்டேன். அந்த 34 மருந்துகளில் ஒன்றையாவது யார், எந்தக் காலையில், எதற்காக அடித்திருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அடிக்கிற ஆள் என் வீட்டிலேயே ஒருவர் இருந்தும் யோசிக்கவில்லை.

தேயிலையில் இந்தப் பிரச்சினை கூடுதலாகக் கனக்க இன்னொரு காரணம் உண்டு. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை காய்ந்து ஒரு கிலோ தூள் ஆகிறது. தண்ணீர் போகிறது, மருந்து முழுக்கப் போய்விடுவதில்லை. கொஞ்சம் வாடும்போதும் சூட்டிலும் சிதையும், மீதி அந்தச் சின்ன எடைக்குள் நெருங்கி உட்காரும். பிறகு எது டம்ளருக்குள் இறங்கும் என்பது அந்தந்த மருந்தைப் பொறுத்தது. எண்ணெய்ப் பிசுக்கில் கரையும் வகைகள் பெரும்பாலும் சக்கையோடு தங்கிவிடும். இமிடாகுளோபிரிட் மாதிரித் தண்ணீரில் எளிதாகக் கரைபவை சாற்றோடு வந்துவிடும்.

கொசு தேதி கேட்டு வருவதில்லை

போன செப்டம்பரில் மூன்று நாள் லீவு கிடைத்தது. மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தோட்டத்தின் கீழ்ப்பாத்தி முழுக்கக் கொழுந்து கருகிச் சுருண்டு, நெருப்பு பட்டதுபோல இருந்தது. தேயிலைக் கொசு. பேர்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் ஒரு நாவாய்ப்பூச்சி. நாம் பறிக்கும் அதே இளங்கொழுந்துதான் அதற்கும் வேண்டும். குத்திய இடம் பழுப்புப் புள்ளியாகி, இரண்டு மூன்று நாளில் கொழுந்தே கருகிவிடும். மழைக்காலத்தில் கொப்புள நோய், வெயில் காலத்தில் செஞ்சிலந்தி என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வம்பு உண்டு. ஆனால் கொசுவைப் பற்றிப் பேசும்போது மட்டும் மாமா குரலில் ஒரு பதற்றம் வந்துவிடும்.

"என்ன மருந்து மாமா அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

மாமா கொட்டகைக்குள் போய்ப் பாதி காலியான ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். அடியில் மஞ்சள் முக்கோணம். நம் நாட்டில் மருந்து டப்பாக்களில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு நிறம் உண்டு; சிவப்புக்கு அடுத்த கடுமையானது மஞ்சள். ஒட்டியிருந்த தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பருத்தி, நெல், மிளகாய் என்று பயிர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. தேயிலை என்ற சொல்லே இல்லை.

"இது தேயிலைக்கு உள்ள மருந்து இல்ல போலிருக்கே மாமா."

"கடைக்காரர்கிட்ட கொசுன்னு சொன்னேன், இதக் கொடுத்தார். கேரட்டுக்கும் இதான் அடிக்கிறாங்க. நல்லாக் கேக்குது."

நான் போவதற்கு முன் இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்: விவசாயிக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். எந்தெந்த மருந்தைத் தேயிலைக்கு அடிக்கலாம் என்று தேயிலை வாரியம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை போனில் இறக்கி வைத்திருந்தேன். மாமாவுக்குப் படித்துக் காட்டி, அடித்ததிலிருந்து குறைந்தது ஏழு நாள் கழித்துத்தான் இலை எடுக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னேன். மாமா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சொன்னார்:

"ஏழு நாள் எனக்குத் தெரியும் மாப்ள. எஸ்டேட்ல நாப்பது வருசம் இருந்தவன்கிட்ட சொல்ற. இலை எடுத்த மறுநாளே அடிச்சுட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. அடுத்து எடுக்கப் பன்னெண்டு நாள், பதினாலு நாள் ஆகும், அதுக்குள்ள மருந்து போயிடும். ஆனா கொசு என்ன நம்மகிட்ட தேதி கேட்டுக்கிட்டா வருது? எடுத்து எட்டு நாள் ஆகும்போது, கொழுந்து இவ்வளவு உயரம் வந்து நிக்கும்போதுதான் அது வரும். அன்னிக்கு அடிக்கலைன்னா மூணு நாள்ல எல்லாம் கருகிடும். அடிச்சா, பதினோராம் நாள் இலை வெட்டுற மிஷின் ஆளுங்க வர்றாங்க. அவங்கள மாத்திச் சொன்னா அடுத்த முறை இருபது நாள் கழிச்சுதான் வருவாங்க. அதுக்குள்ள இலை முத்திக் கரடாயிடும். முத்தின இலைய பேக்டரில எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் கழிப்பாங்க."

பிறகு கணக்குச் சொன்னார். போன சுற்றில் 280 கிலோ. கிலோ 16 ரூபாய் என்று 4,480 ரூபாய். மிஷினில் வெட்டக் கிலோவுக்கு 6 ரூபாய், 1,680 போனது. மிச்சம் 2,800. அதில் மருந்துக்கு 700. பதினாலு நாளைக்கு ஒன்றரை ஏக்கர் கொடுத்தது 2,100 ரூபாய், உரத்தைக் கழிக்காமல். "அந்த ஏழு நாள நான் காத்திருந்தா இந்தப் பணம் போச்சு. காத்திருந்ததுக்கு யாராச்சும் ஒரு ரூபா கூடக் கொடுத்தா காத்திருப்பேன்" என்றார்.

நான் போனை அணைத்துப் பையில் வைத்தேன். அதுவரை எச்சம் என்பதை ஒரு வேதிப்பொருளாகவே நினைத்திருந்தேன். மாமா சொன்னதைக் கேட்ட பிறகு அது எனக்கு நாட்களாகத் தெரிகிறது. மூன்று நாளில் எடுத்த இலைக்கும் ஏழு நாள் கழித்து எடுத்த இலைக்கும் உள்ள வித்தியாசம்தான் டம்ளருக்குள் வருவது. வெயிலும் மழையும் செடியின் வளர்ச்சியும் சேர்ந்து அந்த நாலு நாளில் மருந்தைப் பெரும்பாலும் குறைத்துவிடும், செலவே இல்லாமல். அந்த நாலு நாளின் விலை மாமாவுக்கு 2,800 ரூபாய். அதைக் கொடுக்கிறவர் யாரும் இல்லை. கோயம்புத்தூரில் நான் கடையில் பார்க்கும் பொட்டலத் தூள் கிலோ 300 ரூபாய்க்கு மேல். அதற்குப் போன நாலரைக் கிலோ பச்சை இலைக்கு விவசாயி வாங்கியது 72 ரூபாய். நடுவில் இருக்கும் தொகையில் தொழிற்சாலை, ஏலம், லாரி, பொட்டலம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காத்திருப்புக்கு மட்டும் இல்லை.

வண்டியில் கலந்த பிறகு

சாயங்காலம் ஏஜென்ட் வண்டி வந்தபோது நானும் ரோட்டுக்கு இறங்கினேன். மூட்டைகளை எடைபோட்டு, கைவிட்டுக் கிளறி ஈரத்தையும் முத்தல் இலையையும் பார்த்தார்கள். மழை நனைந்த இலைக்கு எடையில் கழிவு. மருந்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்டிருந்தாலும் என்ன பதில் சொல்ல முடியும்? பச்சை இலை மூட்டைக்குள் இருந்தால் சூடேறி வெந்துவிடும். அன்று இரவே தொட்டியில் பரப்பியாக வேண்டும். எச்சத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாயும் சில நாட்களும் வேண்டும். இலைக்கு இருப்பதோ சில மணி நேரம். ஆகவே சோதனை எப்போதும் தூளான பிறகுதான் வர முடியும். அப்போது எல்லார் இலையும் கலந்துபோயிருக்கும். முந்நூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூறு பேர் காத்திருந்து, பத்துப் பேர் காத்திருக்காமல் விட்டாலும் தூள் ஒன்றுதான்.

2024-இல் அசாமில் இதே முடிச்சுதான் இறுகியது. உணவுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட இலை என்ற உத்தரவாதம் இல்லாமல் ஜூன் 1 முதல் சிறு விவசாயிகளிடம் வாங்க மாட்டோம் என்று அங்குள்ள தொழிற்சாலைகள் அறிவித்தன. தூள் சோதனையில் தோற்றால் தண்டனை தொழிற்சாலைக்கு, ஆனால் மருந்து அடிப்பது தங்கள் கையில் இல்லை என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. இலையை வாங்காவிட்டால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற விவசாயியின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. இந்தியத் தேயிலையில் பாதிக்கும் மேல் இன்று இப்படிப்பட்ட சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது. சட்டத்தை எழுதியவர்கள் ஒரே முதலாளி, ஒரே மேனேஜர், மருந்து அடித்த தேதிக்கு ஒரு நோட்டு என்றிருக்கும் பெரிய எஸ்டேட்டை மனதில் வைத்து எழுதியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. மாமாவின் கொட்டகையில் நோட்டு இல்லை. சுவரில் கரிக்கட்டியால் எழுதிய மிஷின் ஆட்களின் போன் நம்பர்தான் இருக்கிறது.

தடை போட்டால் தீர்ந்துவிடும் என்று முன்பு நானும் நம்பினேன். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை 2011-இல் உச்சநீதிமன்றம் தடுத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்ததன் பலனை அந்த ஊர்க் குழந்தைகள் உடம்பில் பார்த்த எவரும் அந்தத் தடையை எதிர்க்க முடியாது. ஆனால் தடை மட்டும் தனியாக வந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் ஹட்டன் பக்கம் இருக்கும் எங்கள் உறவுக்காரர்கள் பார்த்தார்கள். விவசாயிகளுக்கு வந்த சிறுநீரக நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் இலங்கை அரசு 2015-இல் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடைசெய்தது. தேயிலை மலையில் புல் அதற்காக நிற்குமா? கையால் பிடுங்க ஆள் இல்லை, கூலி இல்லை. வேறு களைக்கொல்லிகள் உள்ளே வந்தன. அதில் எம்.சி.பி.ஏ. என்ற ஒன்றின் எச்சத்தை ஜப்பான் தன் துறைமுகத்தில் கண்டுபிடித்தது. அங்கே அதற்கு வரம்பு 0.01. விற்பனையே ஆட்டம் கண்டு, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் தடையை விலக்கினார்கள். புல் பிடுங்கும் கூலியை யார் தருவது என்று முடிவு செய்யாமல் போட்ட தடை, ஒரு மருந்தின் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தது.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். ஜப்பான் கண்டுபிடித்ததால்தான் அது செய்தியானது. வாங்குகிற நாடு கோடு கிழிக்கிறது, சோதிக்கிறது, திருப்பி அனுப்புகிறது. கப்பலேறும் தூளுக்கு அப்படி ஒரு கண்காணிப்பு உண்டு. உக்கடம் பேருந்து நிலையத்து டீக்கடையில் நாள் முழுக்க வெந்நீரில் தொங்கும் துணிப்பைக்குள் இருக்கும் டஸ்ட் டீயை அதே கண்ணோடு யார் பார்க்கிறார்கள்? மூட்டை தூக்குபவரும் ஆட்டோ ஓட்டுபவரும் சாப்பாட்டுக்குப் பதிலாகவே நாளைக்கு ஆறேழு டீ குடிக்கிறார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு டீ என்று எந்தக் கணக்கில் எடுத்திருந்தாலும், அவர்களுடைய நாள் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

அம்மாவின் கை

ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப முடிவுசெய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மண்டபம் முகாம் வழியாக வந்து நீலகிரியில் இறங்கியது. அம்மா பத்தொன்பது வருடம் கொழுந்து எடுத்தவள். இன்னமும் டீ என்று சொல்ல மாட்டாள், தேத்தண்ணி என்பாள். மாமாவின் கணக்கைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தவள், ஏழு நாள் என்றதும் கேட்டாள்: "அது குடிக்கிறவங்களுக்கு. எடுக்கிறவங்களுக்கு எத்தன நாளாம்?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அம்மா தானாகவே சொன்னாள். தோட்டத்தில் ஒரு பக்கம் ஆண்கள் டேங்க்கை முதுகில் மாட்டி மருந்து அடித்துக்கொண்டு போவார்கள், காற்று வாக்கில் பக்கத்து மலையில் இவர்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். அடித்த மலைக்குள் போகும்போது வாசம் இருந்தால், நேற்றோ முந்தாநாளோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பனி ஈரத்தில் செடியோடு செடியாக நிற்பதால் இடுப்புவரை துணி நனையும். கையுறை கிடையாது, கையுறையோடு கொழுந்து எடுக்கவும் முடியாது, விரல் நுனியில்தான் வேலை. பத்து மணிக்கு ரொட்டியை அந்தக் கையால்தான் பிட்டுத் தின்பார்கள். "விரலெல்லாம் கறுத்துக் கெடக்கும். அது கொழுந்துச் சாயம். அதுக்கு மேல என்ன ஒட்டிச்சுன்னு யாருக்குத் தெரியும்? மூணாம் நாள் வாசம் போயிடும். வாசம் போனா மருந்து போயிடுச்சுன்னு நெனச்சுக்குவோம்."

நான் படித்த அறிக்கைகள் எல்லாம் டம்ளரிலிருந்து தொடங்கி டம்ளரிலேயே முடிந்திருந்தன. 500 டம்ளருக்குப் பரவிய ஒரு துளியின் துணுக்கைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம், அது நியாயமான கவலைதான். அந்தத் துளி பாட்டிலில் முழுசாக இருக்கும்போது அதை மூடியில் அளந்து, தண்ணீரில் கலக்கி, முதுகில் சுமந்தவர் மாமா. அவர் முகத்தில் கட்டிக்கொள்வது பழைய துண்டு ஒன்று. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து எவ்வளவு கொடியது என்று ஊருக்கே தெரிந்தது 2013-இல் பீகாரில், பள்ளிச் சாப்பாட்டு எண்ணெயில் அது கலந்து 23 குழந்தைகள் செத்தபோது. அதே மருந்தை அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேர் வெறுங்கையால் கலக்கியிருக்கிறார்கள். அது செய்தி ஆனதில்லை.

அம்மாவின் கேள்விக்கு அப்புறம் எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகம் போய்விட்டது. இந்த ஏழு நாளைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தால் கர்ப்பிணிப் பெண்ணின் டம்ளரும் கொழுந்து எடுப்பவளின் கையும் சேர்ந்தே காப்பாற்றப்படும். சோதனைக்கூடங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் டம்ளருக்குக் கொஞ்சம் நல்லது நடக்கலாம், கைக்கு ஒன்றும் நடக்காது. பச்சை இலைக்கு விலை நிர்ணயிக்கும்போது காத்திருந்த இலைக்கு இரண்டு ரூபாய் கூடுதல், கொசு வந்த சுற்றைக் கைவிட்டவருக்குப் பயிர்க் காப்பீடு மாதிரி ஒரு தொகை, ஒரு வண்டியில் இலை ஏற்றும் முப்பது பேரும் சேர்ந்து மருந்துத் தேதியைக் குறிக்கும் ஒரே நோட்டு. இவை பெரிய விஞ்ஞானம் இல்லை. முதலாவது, ஒரு கிலோ தூளின் விலையில் பத்து ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்றே என் கணக்கு சொல்கிறது: இலைக்கு இரண்டு ரூபாய் கூட்டினால் நாலரைக் கிலோவுக்கு 9 ரூபாய்.

அக்டோபர் கடைசியில் மாமா போன் செய்தார். மறுபடி கொசு. முந்தாநாள் அடித்தாராம், இந்தமுறை தேயிலைக்கு உள்ள மருந்துதான், நான் எழுதிக்கொடுத்த பெயரைக் காட்டி வாங்கியிருக்கிறார். நாளை மறுநாள் மிஷின் ஆட்கள் வருகிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டார். வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தச் சுற்றுக்கு உண்டான 2,800 ரூபாயை நான் அனுப்புகிறேன் என்றேன்.

"எனக்கு நீ அனுப்புவ. மேல் தோட்டத்துக்காரனும் நேத்துதான் அடிச்சான், அவனுக்கு யார் அனுப்புவா? ரெண்டு பேர் இலையும் ஒரே வண்டியிலதான போகுது" என்றார் மாமா.

பணம் அனுப்பினேன். மாமா அந்தச் சுற்றை எடுக்கவில்லை. இலை முத்திய பிறகு வெட்டிச் செடிக்கு அடியிலேயே போட்டுவிட்டார். மேல் தோட்டத்து இலை வண்டியில் போனது.

அடுத்த பொட்டலம் வந்த அன்று கீழ் வீட்டுக்கே போய் உட்கார்ந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது மாமா தோட்டத்துத் தூள் இல்லை, அதில் மருந்து இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஒரு முறை சோதித்தால்கூட அந்த மாதக் கலவைதான் தெரியும், அடுத்த மாதம் வேறு கலவை. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெட்டிப் போட்ட இலைக்கு உங்க மாமா என்ன சொன்னாரு, மனசு கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை என்று அத்தை சொன்னதைச் சொன்னேன். அக்கா உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து, வழக்கம்போல ஒரு கிலோ போடச் சொன்னார். மகளுக்கு மட்டும் குழந்தை பிறக்கும்வரை பால் கொடுத்துக்கொள்கிறாராம்.